அடுப்பில் போன சிலந்தி

செவ்வாய், விடாத மழை.

விறகுக் கட்டில் இருந்த சிலந்தி அம்மாவின் கையைக் கடித்துவிட்டது. கடித்ததை எரித்தால் விஷமும் எரிந்துவிடும் என்று அப்பா அதை அடுப்பில் போட்டுவிட்டார்.

தேயிலைத் தோட்டத்து டாக்டரய்யா போனில் சொன்னார்: "என்ன சிலந்தின்னு தெரியாம மருந்து சொல்ல ஏலாது. போட்டோ அனுப்பு."

"சாம்பலத்தாங்க அனுப்பணும்," என்றேன்.

நினைவிலிருந்து வரைந்து அனுப்பினேன்.

"தம்பி, இது நண்டாப்பா?"

அம்மாகூடச் சிரித்தார். "காலுல மஞ்சப் பட்டை இருந்துச்சுடா," என்றார்.

"கறுப்புதான்," என்றார் அப்பா.

மண் சரிந்து பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை மூடிக்கிடக்கிறது. வீக்கம் முழங்கையைத் தாண்டிவிட்டது. சோப்புப் போட்டும் வளையல் கழலவில்லை.

திரும்ப வரைந்தேன். எட்டுக் காலும் சரியாக வந்தன. மஞ்சளா கறுப்பா என்று தெரியாததால் பட்டைக்கு மட்டும் நிறம் இல்லை.

"சிலந்திக்கு மீசையும் வைக்கவாம்மா?" என்று கேட்டேன்.

இந்த முறை அம்மா சிரிக்கவில்லை.