மூன்றாம் ஓலை

ஜூலை 5, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். தமிழ்ப் பூசைக்குக் குடையோடு. இன்று எங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை. ஆரோக்கியம் அங்கிள்தான் அறிவிப்புகளோடு சேர்த்து வாசித்தார். ஸ்டெல்லா, வின்சென்ட். இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்துவிட்டால் கல்யாணம்தான். என் பெயர் யாரோ ஒருத்தியின் பெயர் போலக் கேட்டது.

வெளியே வந்ததும் வின்சென்டின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "வீடு பாத்தாச்சு மா. ஜேபியில, தண்ணிக்குப் பக்கத்துலயே. ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாம்."

ஜொகூர் பாருவா? எல்லை தாண்டி மலேசியாவிலா? நிச்சயத்தின்போது சொன்னது வேறு. வின்சென்ட் சிங்கப்பூரில் வேலை தேடிக்கொள்வார், இங்கேயே இருப்போம் என்றார்கள். அதற்குத்தான் தலையாட்டினேன். அம்மாவைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். முன்பே தெரிந்திருக்கிறது.

வாங்க: ஹேர்பின், தலைவலி மாத்திரை, அப்பா முழங்காலுக்குத் தைலம்.

ஜூலை 7, செவ்வாய்

தெம்பனிஸ், தீவின் கிழக்குக் கோடி. ஆபீசில் குளிர் தாங்கவில்லை. காண்ட்ராக்ட் முடிந்ததும் நிரந்தரமாக்கலாம் என்றார் மேனேஜர். ஆனால் காலை ஏழரைக்கு இருக்க வேண்டும். "நோ ப்ராப்ளம், ரைட்?" யெஸ் என்றேன். எல்லோரிடமும் யெஸ்.

சாப்பிடும்போது ஆரம்பித்தேன். "அம்மா, அவ்வளவு தூரத்துலேர்ந்து..."

"எது தூரம்? புது ரயில் வந்துச்சுன்னா ஏறி உக்கார்றதுக்குள்ள இந்தப் பக்கம் உட்லண்ட்ஸ் லா. நம்ம குடும்பத்துலயே முதல் டிகிரி நீ. ஒரு ரயில் ஏறத் தெரியாதா?"

அப்பா சாங்கி விமான நிலையத்துக்கு, கார்கோ ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சாக்ஸை மாட்டியபடியே, "அவளுக்குச் சம்மதமான்னு கேட்டியா?"

"கேட்டேனே. 'ம்'னு சொன்னா."

உண்மைதான். சொன்னேன்.

ஜூலை 11, சனி

வீடு பார்க்க ஜேபி. உட்லண்ட்ஸிலிருந்து இப்போது ஓடும் பழைய ரயில். பாஸ்போர்ட் வரிசைதான் நீளம், ரயில் ஏறியதும் இறங்கியாச்சு. பழைய கடைவீடுகள், விறகடுப்பில் ரொட்டி சுடும் கடை, நீரோரமாக ஒரு நீண்ட சாலை. அழகான ஊர். அழகில்லாமல் இருந்திருந்தால் அதையாவது சொல்லியிருக்கலாம்.

உயரமான மாடி. சமையலறை ஜன்னலில் நீர், அதற்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர்.

"பாத்தியா, உன் ஊரைப் பாத்துக்கிட்டே சமைக்கலாம்" என்றார் வின்சென்டின் அம்மா. என் அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

பால்கனியில் வின்சென்ட் மட்டும். "உனக்கு ஓகேவா?" நல்ல மனுஷன். உண்மையாகவே கேட்டார். காத்திருந்தார்கூட.

"வியூ நல்லா இருக்கு" என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஜூலை 12, ஞாயிறு

கடும் வெயில். இரண்டாம் ஓலை. அடுத்த வாரம் ஆரோக்கியம் அங்கிள் மகளைப் பார்க்கப் பெர்த் போகிறார். "நீதானே பைபிள் வாசகம் வாசிக்கிற? அறிவிப்பையும் சேத்து வாசிச்சிடு. தன் ஓலையைத் தானே வாசிக்கிற பொண்ணை நான் பாத்ததில்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்.

எழுதி வைத்ததை வாசிக்க எனக்குப் பயமில்லை. குரல் கணீரென்று வரும். சொந்தமாக ஒரு வாக்கியம் பேசத்தான் வராது. பள்ளியிலிருந்தே இப்படி.

ஜூலை 16, வியாழன்

வேலை முடிந்து தேக்காவில் ரவிக்கை அளவு. தையல்கார அக்கா: "போன தடவைக்கு இப்ப ஒரு சுத்து இளைச்சிட்ட. இன்னும் இளைச்சா நான் பொறுப்பில்ல." தூக்கமே இல்லை என்று சொல்லவில்லை.

ஜாலான் புசார் வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியில் ரோச்சோர் கால்வாய் ஓரம் நின்று சொல்லிப் பழகிப் பார்த்தேன். ஃபாதர், எனக்கு அங்க போக விருப்பமில்ல. இந்தக் கல்யாணம் வேணாம். தண்ணீரிடம் முழுதாகச் சொல்ல முடிந்தது. உடனே கோயில் அலுவலகத்துக்கு போன்.

"ஃபாதர் இங்கதான் இருக்கார். குடுக்கவா?"

வைத்துவிட்டேன்.

ஜூலை 19, ஞாயிறு

மழை. நனைந்த செருப்போடு வாசகமேடை. வாசித்தேன். என் பெயர், அவர் பெயர், இரு வீட்டுப் பெற்றோர் பெயர்கள். பிறகு, "இவர்களின் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதை அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

நிறுத்தினேன். மைக் திறந்திருந்தது. ஃபாதர் கைக்கெட்டும் தூரத்தில். மின்விசிறிச் சத்தம். அம்மா சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். அப்பா மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

தாளில் அடுத்த வரி இருந்தது. வாசலை மறித்து நிற்கும் வெள்ளைக் காரின் உரிமையாளர் உடனே வண்டியை எடுக்கவும். அதை வாசித்தேன்.

பூசை முடிந்து வாசலில் ஃபாதர். "இன்னிக்கு நல்லா வாசிச்சீங்க மா. அந்த இடத்துல நிறுத்துனீங்க பாருங்க, ரொம்ப நல்லாயிருந்துச்சு. மத்தவங்க கடகடன்னு ஓட்டிடுவாங்க."

தேங்க்ஸ் ஃபாதர் என்றேன்.