விட்டுக்கொடுத்த பந்து

அன்புள்ள அண்ணாவுக்கு,

இல்லை, நம் அணியின் முன்வரிசைப் பையன்களுக்குக் கோல் அடிக்கத் தெரியாமல் இல்லை. பயிற்சியின்போது பார்த்தால் மூன்று பேரும் வலையைக் கிழிக்கிறார்கள். போனில் நீ கேட்டதற்கு "மோசம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். அது நியாயமில்லை. பாடப்புத்தகங்களில் பிழை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள், பிழை எங்கே என்றாவது சொல்ல வேண்டாமா?

முதலில் ஏணி. அப்பா வைத்த பெயர். அந்த உயரத்துக்குப் பந்து தானாக வந்து நெற்றியில் மோத வேண்டும். மோதவும் செய்கிறது. பிறகு கோலுக்கு மேலே பறந்துவிடுகிறது. முட்டும் நேரத்தில் கண்ணை மூடிக்கொள்கிறான். நமக்குப் பின்வரிசையில் உட்காருவாரே, அந்தத் தொண்டைக்காரர், "ஏணி, கண்ணைத் திறடா, பயப்படாத, நாங்க எல்லாம் இங்கதான் இருக்கோம்" என்று ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தார்.

அடுத்து மாப்பிள்ளை. கால் வேலை அழகு. ஆனால் விழ மாட்டான், சறுக்க மாட்டான், சட்டையில் சேறு பட விடமாட்டான். கோல்கீப்பர் பாய்ந்து வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறான். "தலை கலைஞ்சா பொண்ணு குடுக்க மாட்டாங்களாடா?" இதுவும் தொண்டைக்காரர்தான்.

மூன்றாவது ஆள், இந்தப் பருவத்துக்கு மட்டும் வேறு கிளப்பிலிருந்து வாங்கி வந்தவன். அப்பா அவனை வாடகை என்கிறார். மூவரில் திறமைசாலி. அதனால்தான் அவன்மேல் கோபம் அதிகம். கோல் எதிரே திறந்து கிடந்தாலும், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று தேடுகிறான். பாஸ் கொடுத்ததும் முகத்தில் ஒரு நிம்மதி. இனி தவறினால் அது அடுத்தவன் பாடு.

கோச் இதைப் பேட்டியில் புகழ்ந்திருக்கிறார். பையன்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து ஆடுகிறார்களாம். அப்பா பேப்பரை மடித்து நாற்காலிக்கு அடியில் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை அவரை ஆட்டத்துக்கு அழைத்துப் போனேன். படியே ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தெரியும். நீ திட்டுவாய். "வீட்ல உக்காந்து சுவத்தைப் பாக்கறதுக்கு அங்க உக்காந்து இவனுங்களைத் திட்டலாம்" என்று சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். நான் என்ன செய்ய?

கேலரிப் படியில் கொஞ்சம் ஏறுவார், நிற்பார், திரும்பி மைதானத்தைப் பார்ப்பார். "புல்லை நல்லா வெட்டியிருக்கான்." மறுபடி ஏறுவார். நிற்பார். "கோடு கொஞ்சம் கோணலா இருக்கு பாரு." நானும் திரும்பிப் பார்த்தேன். கோடு நேராகத்தான் இருந்தது. கோணல்தான் என்றேன்.

ஆட்டம் முடியப்போகும் நேரம். இரண்டு பக்கமும் சமம். ஜெயித்தால் கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பலாம். பந்து எதிரணிக் கோலுக்கு முன்னால் மெதுவாக உருண்டு வந்தது. கோல்கீப்பர் யாருடனோ மோதி விழுந்து கிடந்தான். இந்தப் பக்கம் மாப்பிள்ளை, அந்தப் பக்கம் வாடகை. இருவரும் ஓடி வந்தார்கள். இருவரும் நின்றார்கள். மாப்பிள்ளை கையை நீட்டினான்: நீ அடி. வாடகை தலையை ஆட்டினான்: இல்லை, நீ அடி. பந்து இருவருக்கும் நடுவில் போய் நின்றது. கோல்கீப்பர் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, நடந்தே வந்து எடுத்துக்கொண்டான்.

அப்பா சொன்னார்: "ரெண்டும் நல்ல குடும்பத்துப் பிள்ளைங்க. நான் வளத்த மாதிரியே இருக்கு."

சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை. உதடு நீலமாகிவிட்டது, அண்ணா. தொண்டைக்காரர்தான் வரிசையைத் தாண்டி வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, முதுகைத் தாங்கிப் பிடித்தார். அப்பாவுக்கு மூச்சு திரும்பிய பிறகு என்னிடம், "என்னம்மா உடம்புக்கு?" என்று கேட்டார். அவருக்கு மெதுவாகவும் பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது என்றேன். ஆபரேஷன் எப்போது என்றார். வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன். "இன்னும் பேசிக்கிட்டா இருக்கீங்க?" என்றார்.

பேசினால்தானே.

டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். செய்தால் இந்த வயதில் ஆபத்து உண்டு. செய்யாவிட்டால் ஒரு வருடம் தாண்டுவதே கஷ்டம். யாராவது ஒருவர் சரி என்று சொல்லுங்கள், தேதி தருகிறேன் என்றார். அப்பா, பையன் சொல்லட்டும் என்றார். நீ, "கூட இருக்கறவ நீதானே, உனக்குத் தெரியாததா, நீ எது சொன்னாலும் எனக்குச் சம்மதம்" என்றாய். நான், அண்ணன்தான் பெரியவன் என்றேன். என்ன மரியாதை. என்ன பாசம்.

சின்ன வயதில் பேருந்தில் ஜன்னலோர இடத்துக்கு நாம் அடித்துக்கொண்டால் அப்பா சொல்வது ஒரே வார்த்தை: விட்டுக்கொடு. நன்றாகவே படித்துக்கொண்டோம். நீ உட்கார், இல்லை நீ உட்கார் என்று ஜன்னலோரம் காலியாகவே வீடு வந்து சேர்ந்த நாட்கள் உண்டு. அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

கூப்பிடும்போதெல்லாம் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கிறாய். அப்பாவைப் பற்றிக் கேட்பதற்குப் பதிலாக. எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. நானும் விலாவாரியாகச் சொல்கிறேனே, அதுவும் அதனால்தான். சரி என்று சொன்னது யார் என்று பிறகொரு நாள் யாரும் கேட்டுவிடக் கூடாது. நம் விட்டுக்கொடுத்தல் அவ்வளவுதான், அண்ணா. எரிச்சலாக இருக்கிறது. உன்மேல், என்மேல், "பிள்ளைங்க சொல்றபடி" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அவர்மேல்.

இனி உன்னிடம் கேட்கப்போவதில்லை. இதற்குப் பதிலும் எழுதாதே. லீவு கிடைத்தால் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார். கிடைக்காவிட்டால் போனைக் கையிலேயே வைத்திரு. எப்படி முடிந்தாலும் என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிடாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னையே நினைத்திருக்கும்
தங்கை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் டாக்டருக்குப் போன் செய்தேன். சரி என்றேன். அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை, காலை. அப்பாவின் அறைக்குப் போய்ச் சொன்னேன். ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "சரிம்மா" என்றார். அவருடைய பையை எடுத்துத் தூசி தட்டி, கட்டில் மேல் வைத்திருக்கிறேன்.