வேரைத் தின்ற ஆடு

அக்கா,

நேற்று உன் மருமகள் அடுப்படியை ஒழித்தபோது கிடைத்ததென்று ஒரு கண்ணாடிப் புட்டியைக் கொண்டுவந்தாள். உள்ளே காய்ந்து சுருண்ட வேர்த் துண்டுகள். ஒரு நுனியைக் கடித்தேன். நாக்கு சுருக்சுருக்கென்று குத்தி, மரத்துப்போனது. களையெடுக்கும்போது அறுந்த வேரை நாம் இருவரும் மென்றுவிட்டு, மரத்த நாக்கோடு பேசிச் சிரித்தோமே, அதே வேர்.

"நெஞ்சுச் சளிக்கு அத்தை தெனம் அவிச்சுக் குடிப்பாக சின்னம்மா. நீங்கதான் தோண்டிக் குடுத்தீகன்னு சொன்னாக" என்றாள்.

ஆமாம் என்று தலையாட்டி அனுப்பினேன்.

என் மகன் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த விதையில் முளைத்தது அது. கோன்ஃபிளவர் என்றான், வெளிநாட்டில் சளிக்கு இதன் வேரைக் கஷாயம் வைப்பார்களாம். நம் கடல்மணலில் எதுவும் நிற்காதென்று, பிறந்த ஊர் கண்மாய் வண்டலைச் சாக்கில் கொண்டுவந்து கலந்தேன். உப்புக்காற்று படாமல் ஓலைத் தட்டி கட்டித் தந்தவள் நீ. "தண்ணி தேங்குனா தூரு அழுகிரும்டி, கையை அடக்கி ஊத்து" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அதட்டுவாய். முதல் வருடம் வெறும் இலைதான். இந்தக் கீரைக்கா இம்புட்டுப் பாடு என்று கேலி செய்தாய்.

மறுவருடம் பூத்தது. ஊதா இதழ்கள் கீழே தொங்க, நடுவில் முள்ளுமுள்ளாகக் கூம்பு. நீ சுற்றிச் சுற்றிப் பார்த்தாய். "பாவாடையைப் பரப்பி நடுவுல முள்ளெலி உக்காந்த மாதிரி இருக்குடி." அன்றிலிருந்து என் பெருமாளுக்கு ஒன்று, உன் மாதாவுக்கு ஒன்று. மிச்சப் பூவை விதைக்கு விட்டுவிடுவேன்.

மகளின் பேறுகாலத்துக்கு மதுரை போனபோது பாத்தியை உன்னிடம்தான் ஒப்படைத்தேன். திரும்பி வந்தால் வெறும் மண். பக்கத்துத் தெரு காளிமுத்து ஆடு மேய்ந்துவிட்டது என்றாய். மேய்ந்தால் தூர் மிஞ்சியிருக்குமே, மண் ஏன் இப்படி நிரவிக் கிடக்கிறது என்று கேட்டேன்.

"மாதா மேல சத்தியமா ஆடுதான்டி."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. தெய்வத்தின் பெயரில் சொன்னதைச் சந்தேகிக்க எனக்குத் தெரியாது. நேரே போய்க் காளிமுத்து வாசலில் நின்று கத்தினேன். அத்தோடு அவரிடம் பேச்சும் நின்றது. நீ மூச்சு வாங்குவதை நான் கவனித்ததும் அதன் பிறகுதான். கேட்டதற்கு, உப்புக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். உனக்கு நெஞ்சில் நோவென்று ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகே எனக்குத் தெரியும்.

இன்று காலை காளிமுத்துவிடம் போய், உன் ஆடு தின்னவில்லையப்பா என்றேன். அவர் வேலியில் தழையைக் கட்டிக்கொண்டே சொன்னார்: "அது எந்த பக்ரீதுலயோ போயிருச்சே ஆத்தா. இனி அதுக்கிட்ட எங்கன போயி மன்னிப்புக் கேப்பீக?"

சிரித்துவிட்டேன். வாசல் தாண்டியதும் அழுகை வந்தது.

நீ தோண்டியெடுத்த வேர் போனது போகட்டும். விதை இருந்தது, மறுபடி போட்டேன், வந்துவிட்டது. ஆனால் நான் கொடுத்தேன் என்று வீட்டில் சொன்னாயே, அதுதான் ஆறவில்லை. உப்பு புளிக்குக்கூடக் கணக்கு எழுதுகிறவள், பூவை எண்ணி வைக்கிறவள், இவள் வேரைத் தரமாட்டாள் என்று நீயாகவே தீர்த்துக்கொண்டாய். பிறகு நான் செய்யாத தர்மத்தை என் பேரில் வரவு வைத்தாய். வாய்விட்டுக் கேட்டிருந்தால் என் கையாலேயே தோண்டி, கழுவி, அவித்தும் தந்திருப்பேனே அக்கா. அதை உனக்குக் காட்ட இனி ஒரு வழியும் இல்லை.

காளிமுத்து வீட்டிலிருந்து நேரே மாதா கோயிலுக்குப் போனேன். நீ கண்மூடியதிலிருந்து சனிக்கிழமைதோறும் ஏற்றும் மெழுகுவத்தியை இன்றும் ஏற்றினேன். அக்காவுக்கு நல்ல கதி கொடு என்று வழக்கமாகச் சொல்வது வாயில் வரவில்லை. உன் பேரைச் சொல்லிப் பொய் சொன்னவளை நீயே கேட்டுக்கொள் தாயே என்றுமட்டும் சொல்லி வந்தேன்.

வீடு திரும்பினால் தட்டிக்குப் பின்னால் இரண்டு பூ விரிந்திருந்தது. ஒன்றைப் பெருமாளுக்குப் பறித்தேன். பழக்கத்தில் கை உன் பங்குக்கும் நீண்டது. இழுத்துக்கொண்டேன். அது செடியிலேயே இருக்கிறது.