சீட்டுக் கட்ட இடமில்லாத சொற்கள்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அவள் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீயும் மருமகளும் என் செல்லப் பேத்தியும் சுகந்தானே?

போன மாதம் பேத்தி போனை உன்னிடம் நீட்டிவிட்டு ஓடியதும், தாத்தா சாமான் லிஸ்ட் படிக்கிறார் என்று அவள் சொன்னதாக நீ சொல்லிச் சிரித்ததும் மனதிலேயே கிடக்கிறது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அங்கே பிறந்தவளுக்கு ஸ்பானிஷ்தான் பேச்சு. முப்பத்திரண்டு வருடம் உதிரிபாக ஸ்டோரில் பெட்டி பெட்டியாகப் பெயர்ச் சீட்டுக் கட்டியவன் அந்தப் பாஷையையும் அப்படித்தானே படிப்பேன். குழாய், நாற்காலி, அலமாரி எல்லாவற்றிலும் ஸ்பானிஷ் பெயர் எழுதிய சீட்டு தொங்குகிறது. தண்ணீர், பூனை, ஜன்னல் என்று ஒப்பித்தால் பிள்ளை எவ்வளவு நேரம் கேட்கும்? என்னோடு பேசாமலே அவள் வளர்ந்துவிடுவாளோ என்றுதான் பயம்.

அதனால் இணைப்புச் சொற்களை எடுத்தேன், ஆனால் இவற்றை எதில் கட்டுவது? 'இ' என்றால் நானும் அம்மாவும் என்கிற 'உம்', எங்கள் இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவே நூல் இழுத்துக் கட்டினேன், அம்மா இரண்டு முறை தடுக்கித் திட்டினாள். 'பெரோ' என்றால் 'ஆனால்', அது என்றைக்குமே முழுதாக மூடாத அலமாரிக் கதவுக்கு. 'போர்கே', அதாவது 'ஏனென்றால்', உன் பழைய மேஜைக்கு. அதன்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு எறும்பு ஏன், மழை ஏன் என்று நீ என் உயிரை வாங்கிய சாயங்காலங்கள் ஞாபகம் வந்துவிட்டன. வேலைக் களைப்பில் பேசாமல் படி என்று எத்தனை முறை அதட்டியிருப்பேன். இப்போது கேட்க ஆளில்லாத அறையில் நின்று ஏனென்றால், ஏனென்றால் என்று சொல்லிப் பழகுகிறேன், பார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் பேத்தியிடம், பூனை ஜன்னலில் இருக்கிறது ஏனென்றால் மழை பெய்கிறது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் ஓடவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று கேட்டாள். ஐந்து வயதில் நீ கேட்ட அதே குரல். போனைக் கையால் பொத்திக்கொண்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நீ நினைத்தாய், இல்லையப்பா, நான் அழுதுகொண்டிருந்தேன்.

ஒரு சீட்டு மிச்சமிருந்தது. 'அஸ்தா கே', 'வரைக்கும்' என்று பொருள். கட்ட இடம் தெரியாமல் மேஜையில் வைத்திருந்தேன். அம்மா அர்த்தம் மட்டும் கேட்டுக்கொண்டு போனாள். காலையில் பார்த்தால் அது உன் அறைத் தாழ்ப்பாளில் தொங்குகிறது. கழற்றட்டுமா என்றதற்கு, "அவனே வந்து அவுக்கட்டும்" என்றாள்.

மூவரும் குறைவில்லாமல் இருங்கள், எங்கள் ஆசி என்றும் உண்டு. இந்த ஞாயிறு பத்து நிமிடம் முன்னதாகவே கூப்பிடு, மழை ஏன் என்பதற்குப் பதில் தயார்.

இப்படிக்கு,
உன் அப்பா