மூக்கனின் முறை மாதம்

மார்ச் 1

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

நேற்று வாசலில் பூனைக் கூடையை வாங்கிக்கொண்டபோது, "உள்ள வாங்க, காபி குடிச்சிட்டுப் போகலாம்" என்று நான் சொல்லவில்லை. பிரிந்துவிட்ட கணவனிடம் அப்படிச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள், ஊரெல்லாம் லிஃப்ட் பழுதுபார்க்கும் நீங்கள் படியிறங்கிவிட்டீர்கள்.

போனில் பேசினால் சண்டையாகிறது என்பதால் எழுதுகிறேன். மூக்கன் வந்ததிலிருந்து தும்முகிறான். தும்மலுக்கு நூறு ஆயுசு என்றால் இவனுக்குச் சாவே கிடையாது. வலது கண்ணைத் திறக்கவில்லை. டாக்டரிடம் கொண்டுபோகிறேன்.

புத்தகப்புழு

மார்ச் 4

அன்புள்ள புழுவுக்கு,

போன மாதம் உன்னிடமிருந்து வந்தபோதும் இதே தும்மல்தான். ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்குகிறாய், அதனால்தான் என்று உன்னை மனதுக்குள் திட்டினேன். பிறகு சரியாகிவிட்டது. கண்ணுக்கு ஒன்றும் ஆகாதே? உடனே எழுது.

லிஃப்ட்காரன்

மார்ச் 9

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

டாக்டரம்மா கண்ணில் சாயம் விட்டு நீல விளக்கடியில் பார்த்தார். கருவிழியில் புண். பூனைகளுக்கு வரும் ஹெர்பிஸ் வைரஸாம். நமக்குத் தொற்றாது. குட்டியிலேயே பிடித்திருக்கும், ஆறினாலும் நரம்புக்குள் பதுங்கிக் கிடக்கும், மனம் கலங்கினால் கிளம்பிவிடும் என்றார்.

"இவனை அடிக்கடி இடம் மாத்துறீங்களா?"

"மாசத்துக்கு ஒரு வீடு. எங்களுக்குள்ள அப்படி ஒரு ஏற்பாடு."

"ஏம்மா, நீங்க ரெண்டு பேரும் பந்தாட இதுதான் கெடச்சுதா? கண்ணு போயிடும். ஒரே இடத்துல விடுங்க."

நியாயமாகப் பங்கிட்டோம் என்று நம் இருவருக்குமே எவ்வளவு பெருமை! அவன் வளர்ந்தது உங்கள் வீட்டில். புண் ஆறத் தொடங்கியதும் அங்கேயே விட்டுவிடுகிறேன். இனி முறை மாதம் வேண்டாம்.

புழு

மார்ச் 13

அன்புள்ள புழுவுக்கு,

அப்படியானால் நீ இங்கே வந்து பார். சாவி உன்னிடம்தானே இருக்கிறது? உன் அலமாரியைக்கூட நான் நகர்த்தவில்லை. அவனுக்காகத்தான் சொல்கிறேன்.

லிஃப்ட்காரன்

ஏப்ரல் 2

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று நீங்கள் வேலைக்குப் போயிருந்தபோது அவனைக் கொண்டுவந்து விட்டேன். கூடையைத் திறந்ததும் நேராக உங்கள் தலையணைமேல் ஏறிப் படுத்துக்கொண்டான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, திருட்டுப் பயல். சொட்டு மருந்தை மறக்காதீர்கள். சாவியை மேசைமேல் வைத்திருக்கிறேன்.

வரச் சொன்னீர்கள். பூனையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவர எனக்குத் தெரியாது.

நான்

ஜூன் 20

அன்புள்ள புழுவுக்கு,

கண் தெளிந்துவிட்டது. ஓரத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு, அவ்வளவுதான். தும்மலும் நின்றுவிட்டது.

பூனைக்காக மட்டும் வரச் சொல்லவில்லை. அன்றே அப்படி எழுதியிருக்க வேண்டும்.

இதை நேரில் சொல்லத்தான் நேற்று வந்தேன். உன் வீட்டுச் சொந்தக்காரர், "அவங்க காலி பண்ணிட்டுப் போயி ஒரு மாசமாச்சே" என்றார். புது விலாசம் அவரிடமும் இல்லை.

லிஃப்ட்காரன்