ஊரைக் கூட்டிய சைலன்சர்

காலையில் வாசலில் கறுப்புப் பெயின்ட் கருகும் வாசனை. புது சைலன்சர் மாட்டி முதல் தடவை சூடேறும்போது வருமே, அதே வாசனை. உலை வைத்தவள் அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தேன். உங்கள் வண்டிதான் நின்றது. மருமகன் அதை ராமநாதபுரத்துக்கு ஓட்டிப்போய், என் தம்பி பட்டறையில் கொடுத்து, பழைய சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டிக்கொண்டு வந்திருக்கிறார். எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று பக்கத்தில் போய் நின்றுதான் தெரிந்துகொண்டேன். அவ்வளவு அடக்கம்.

உங்கள் மகளுக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தான் வண்டி வண்டி மாதிரி இருக்கு. அய்யா வச்சிருந்தது ஊரையில்ல கூட்டும்" என்றாள். உலை பொங்கி அடுப்பு அணைந்ததற்கு அவளிடம் வசவு வாங்கினதுதான் மிச்சம்.

நீங்கள் கண்ணை மூடி, வருகிற மாசியோடு ஒரு வருஷம் ஆகிறது. உங்களிடம் தினமும் ஏதாவது பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். இதை மட்டும் பேசவில்லை. சுவருக்கும் காது உண்டு என்பதால் வாயால் சொல்லாமல் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அடுப்பில் போட்டுவிடுவேன், பயப்படாதீர்கள்.

பட்டாளத்தில் கழித்துவிட்ட பிக்கப் வண்டி அது. கமுதியிலிருந்து மிளகாய் வற்றல், சாயல்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து கருவாடு என்று வாரத்தில் ஆறு நாள் ஓடியது. கடல் காற்றும் கருவாட்டுக் கூடையில் வடிகிற உப்புத் தண்ணீரும் சேர்ந்து சைலன்சரைத் தின்றே தீர்த்தன. ஒருநாள் அது பாதியில் ஒடிந்து தரையில் இழுபட்டுக்கொண்டே வந்தது. மறுநாள் தம்பி பட்டறைக்கு நீங்கள் கிளம்பியபோது நானும் கூட வந்தேன். தம்பியைப் பார்க்க என்று சொன்னேன். பொய். உங்களைத் தனியாக விட எனக்கு மனசில்லை.

சந்தேகம்தான். என்னவென்று சந்தேகம் என்றால், கடலாடி தாண்டி உடைமரத்தடியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாளே பூரணம், அவள். புருஷன் சிலோனுக்குப் போனவன். கடுதாசியும் இல்லை, ஆளும் இல்லை. உங்கள் வண்டி போகும்போதும் வரும்போதும் அங்கே நிற்காமல் நகராது என்று நாலு பேர் சொன்னார்கள். நான் கட்டிக்கொடுத்த சோறு பாதி திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்தாலோ வாயில் முத்து உதிராது. நான் அடுப்படியில் இருந்தபடி பத்து விஷயம் கேட்டால் ஒரு "ம்" வரும். அரிசி இல்லை என்றாலும் "ம்", பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் "ம்".

ஒருநாள் உங்களைச் சோதித்தும் பார்த்தேன். மீன் கழுவிக்கொண்டே, திரும்பாமல், "பூரணத்தைப் பாம்பு கடிச்சிருச்சாமே" என்றேன். நீங்கள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "ம், சரி சரி" என்றீர்கள். ஒரு பதற்றம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. அடேயப்பா, கல்லுளிமங்கன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு ராத்திரி உங்களுக்கு மீன் துண்டு வைக்காமல் வெறும் குழம்பை ஊற்றினது அதற்காகத்தான்.

பட்டறையில் தம்பி மூன்று சைலன்சரை எடுத்து வைத்தான். ஒன்று யாரோ ஒரு பெரிய மனிதரின் காரிலிருந்து கழற்றியது. இரண்டாவது லாரியினுடையது. மூன்றாவது அவனே தகரத்தை உருட்டிப் பற்றவைத்தது; உள்ளே தடுப்பு ஒன்றும் இல்லாத வெறும் குழாய். ஒவ்வொன்றாக மாட்டி எஞ்சினை ஓடவிட்டுக் காட்டினான்.

நீங்கள் சீட்டில் ஏறி உட்கார்ந்தீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலைத் தரைத் தகட்டில் வைத்தீர்கள். கியர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டீர்கள். கார் சைலன்சருக்குத் தலையாட்டி வேண்டாம் என்றீர்கள். லாரி சைலன்சருக்கும் அதேதான். வெறும் குழாயை மாட்டினதும் பட்டறைக் கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்துபோயின. எதிர்க் கடைக்காரர் வெளியே வந்து ஏசினார். நீங்கள் கண்ணைத் திறந்து சிரித்தீர்கள். நீங்கள் சிரித்து ஆறு மாதம் ஆகியிருந்தது, அதனால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"இதைப் போடு மாப்ள."

தம்பி முன்னால் வந்து நின்று, "அத்தான், காரு சைலன்சரைப் போடுங்க. பூனை மாதிரிப் போகும். இது ஊரையே எழுப்பிவிட்டுரும்" என்றான்.

"எழுப்பட்டும். வண்டி வாரது தெரிஞ்சாத்தான் சனம் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வரும்."

நான் பின்னால் நின்று, "தம்பி சொல்றதைக் கேளுங்க" என்று இரண்டு தரம் சொன்னேன். நீங்கள் திரும்பவே இல்லை. தம்பிக்குப் பதில் உண்டு, எனக்குக் கிடையாது. அங்கேயே எனக்குக் கணக்குப் பிடிபட்டுவிட்டது. கருவாட்டுக்காரர்களுக்கு என்பது சாக்கு. வண்டி வருகிறது, இலையைப் போடு என்று பூரணத்துக்குச் சொல்லி அனுப்பத்தான் இந்தச் சத்தம்.

அடுத்த மாதம் உங்களுக்குக் காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்தீர்கள். பார்க்க வந்த தம்பியிடம், "அத்தானுக்கு அந்தச் சத்தம் ஆகலடா, மண்டையை இடிக்குதாம். கூச்சப்பட்டுக்கிட்டுச் சொல்ல மாட்டேங்குறாரு. நீயே வண்டியைக் கொண்டுபோய் அந்தக் காரு சைலன்சரை மாட்டிட்டு வந்துரு" என்றேன். அவன் வெள்ளந்தி. மறுநாளே மாட்டிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். காய்ச்சல் தெளிந்து நீங்கள் கிளம்பிய காலையில், சாயல்குடியில் சின்னம்மாவைப் பார்க்க வேண்டும் என்று நானும் ஏறி உட்கார்ந்தேன். சத்தமில்லாமல் போய் இறங்கி, பூரணத்தின் முகம் எப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் என் எண்ணம்.

நீங்கள் ஸ்டார்ட்டரை அழுத்தினீர்கள். எஞ்சின் கிளம்பிவிட்டது. எனக்குக் கேட்கிறது. நீங்கள் மறுபடியும் அழுத்தினீர்கள். ஓடுகிற எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் எப்படி இருக்கும்? கறகறவென்று இரும்பு அரைபட்டது. வாசலில் நின்ற பிள்ளைகூடக் காதைப் பொத்திக்கொண்டது. நீங்கள் மூன்றாம் தடவையும் அழுத்தினீர்கள். பிறகு இறங்கி எஞ்சின் மூடியைத் தூக்கி, விசிறி சுற்றுவதைப் பார்த்தீர்கள். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தீர்கள். நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். மூடியை அறைந்து சாத்திவிட்டு ஏறி ஓட்டத் தொடங்கினீர்கள். கோபம் என்று நினைத்தேன். குட்டு உடைந்த கோபம்.

கடலாடி ரோட்டில் வண்டி இரண்டாவது கியரிலேயே அலறிக்கொண்டு போனது. நீங்கள் மாற்றவில்லை. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்து அடித்து, கடைசியில் மண்ணில் இறங்கித் தாண்டிப் போனது. அதன் டிரைவர் தலையை நீட்டி உங்கள் பரம்பரையையே இழுத்தான். நீங்கள் ஏதோ காற்று அடித்ததுபோல் உட்கார்ந்திருந்தீர்கள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. பாருங்கள், சந்தேகம் என்பது எவ்வளவு பெரிய கண்கட்டு.

வளைவில் பனங்காட்டுக்குள்ளிருந்து ஆட்டு மந்தை வந்தது. மந்தையை ஓட்டிவந்த கிடைக்காரர் கத்தினார். நான் "ஆடு, ஆடு!" என்று அலறினேன். நீங்கள் மறுபக்கத்துக் கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் கையைப் பிடித்து உலுக்கினேன். வண்டி ரோட்டை விட்டு இறங்கி, முள்ளுக்குள் புகுந்து நின்றது. ஒரு ஆட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிடைக்காரர் கம்பை ஓங்கிக்கொண்டு வந்தவர், பொம்பளை இருப்பதைப் பார்த்து ஏசிவிட்டு மட்டும் போனார்.

"காது கேக்கலையா உங்களுக்கு?" என்று கத்தினேன். திட்டத்தான் அப்படிக் கேட்டேன். நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"கேக்கல" என்றீர்கள். "ரெண்டு வருசமாச்சு. ஒரு காது சுத்தமாப் போச்சு. இன்னொண்ணுல கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஏதோ வருது."

நீங்கள் வெறும் காலால் தரைத் தகட்டைத் தட்டிக் காட்டினீர்கள்.

"அந்தக் கொழா போட்டாத்தான் சத்தம் கால்ல ஏறும், நெஞ்சுல தட்டும். அதை வச்சுத்தான் கியர் மாத்துறேன். லைசென்ஸைப் பிடுங்கிட்டான்னா எதை ஓட்டுவேன், ஏரையா? நெலம் எங்க இருக்கு நமக்கு?"

"எங்கிட்டச் சொன்னா என்ன?"

"உங்கிட்டச் சொல்றதும் சிக்கல் ஊர்ச் சந்தையில தமுக்கடிக்கிறதும் ஒண்ணுதான்."

உண்மைதான்.

பூரணத்தின் கடைக்கு அன்றைக்கு நானும் வந்தேன். கருவாட்டுக்காரர்கள் எந்தக் கடற்கரை ஊரில் எத்தனை கூடை இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவைத்துப் போவார்களாம். அவள் உங்களுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். "அண்ணே, நரிப்பையூர்ல பத்துக் கூடை. மூக்கையூர்ல இன்னைக்கு ஒண்ணுமில்ல" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நீங்கள் அவள் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினீர்கள். சும்மா நின்று கேட்டுவிட்டுப் போனால் நன்றாக இருக்காதே, அதனால் ஒரு இலைச் சோறு. இவ்வளவுதான் விஷயம்.

"அவகிட்ட மட்டும் சொன்னீகளாக்கும்" என்றேன், வண்டிக்கு வந்ததும், உங்கள் முகத்துக்கு நேராக.

"நான் சொல்லல. அவளாக் கண்டுபிடிச்சா."

அதுதான் என்னை அறுத்தது. பன்னிரண்டு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவள் நான். அடுப்பைப் பார்த்துக்கொண்டும் மீன் கழுவிக்கொண்டும் முதுகைக் காட்டியே பேசி, பதில் வரவில்லை என்று உங்களைக் கள்ளனாக்கினேன். இலை போடுகிறவள் ஒருத்தி முகம் பார்த்துப் பேசிக் கண்டுபிடித்துவிட்டாள். அண்ணே என்று கூப்பிட்டால் மட்டும் சந்தேகம் போய்விடுமா, எத்தனை அண்ணன்களை ஊரில் பார்த்திருக்கிறேன் என்றும் ஒரு மூலையில் ஓடியது. மறைப்பானேன், இப்போதும் கொஞ்சம் ஓடுகிறது. ஆனால் அன்று முதல் யாரிடமும் நான் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவதில்லை.

வெறும் குழாயைத் திரும்ப மாட்டச் சொன்னது நான்தான். தம்பி, "நீயா அக்கா சொல்ற?" என்றான். மறுநாளிலிருந்து உங்கள் பக்கத்துச் சீட்டில் நான். தோளில் ஒரு தட்டு என்றால் பின்னால் ஹாரன். இரண்டு தட்டு என்றால் யாரோ கூப்பிடுகிறார்கள். கருவாட்டு வண்டியில் பொம்பளை போகிறாள் என்று ஊர் சிரித்தது. புருஷனை நம்பாமல் காவலுக்குப் போகிறாள் என்றார்கள். நல்லதாகப் போயிற்று என்று விட்டுவிட்டேன். சந்தைக்குத் தமுக்கடிக்கிற வாய் ஒன்பது வருஷம் மூடிக் கிடந்தது. நீங்கள் ஒருநாள்கூட அதைப் பாராட்டவில்லை. பாராட்டியிருக்கலாம்.

நீங்கள் போன அன்று வந்தவர்கள் எல்லாரும் ஒரே பேச்சுத்தான் பேசினார்கள். அந்த ரோட்டில் இவரைப் போல வண்டி ஓட்ட ஆளில்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே சீக்கு சொல்வார். ஒரு கோழியைக்கூட ஏற்றினதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

இன்றைக்கு மத்தியானம், வண்டியைக் கழுவிக்கொண்டே உங்கள் மகள் கேட்டாள்: "ஏன் ஆத்தா, அய்யாவைச் சாகுற வரைக்கும் ஒரு நாளாவது நம்பி நிம்மதியா விட்டியா நீ? பக்கத்துலயே உக்காந்து உசுர எடுத்தியே. சின்ன வயசுல எனக்கு எவ்வளவு வெக்கமா இருந்துச்சு தெரியுமா?" கேட்டுவிட்டு அழுதாள். உங்களை நினைத்து அழுதாள். என்னை வெறுத்தும் அழுதாள்.

சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். இனி லைசென்ஸைப் பிடுங்க யார் வரப்போகிறார்கள்? ஒரே வார்த்தையில் என் பேர் தேறிவிடும். ஆனால் செவிட்டு டிரைவர் என்று ஒரு சொல் உங்கள்மேல் விழுந்தால், அதை எடுத்துப்போட நீங்கள் இல்லை.

அவள் முன்னால் போய் நின்றேன்.

"ஆமாடி," என்றேன், "நம்பலதான்."