முதல் படகில் அனுப்பி வைக்கவும்

ஜனவரி 9, செவ்வாய்

காட்டோர ஊரான இந்த ரிபெரால்தாவில் எதற்குக் குளிக்கிறோம் என்றே தெரியவில்லை. துவட்டுவதற்குள் மறுபடி நனைந்துவிடுகிறது. காலை ஐந்தரைக்கே இப்படி.

மலை மேல் எங்கள் ஊர் கொச்சபாம்பாவில் தோழிகள் கேட்டால் "வானொலி அறிவிப்பாளர்" என்று சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் நான் காட்டுக்குத் தகவல் சொல்கிறவள். காட்டு மரங்களிலிருந்து உதிரும் கொட்டையைப் பொறுக்கும் பருவத்தில் இந்த ஊரில் பாதிப்பேர் காட்டு முகாம்களில் இருக்கிறார்கள். அங்கே கைப்பேசி எடுக்காது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் எல்லா முகாமிலும் வானொலியைப் போடுவார்கள். ஊரில் இருப்பவர்கள் எங்கள் ஜன்னலுக்கு வந்து சேதி சொல்வார்கள், ஜன்னலில் உட்காரும் தோன்யா தோரிஸ் (இங்கே பெரியவர்களைத் தோன், தோன்யா என்றுதான் கூப்பிட வேண்டும்) எழுதித் தருவார், நான் படிப்பேன். யாருக்கோ பிறந்தநாள், அவருக்கு ஒரு பாட்டு. யாரோ அரிவாளை மறந்துவிட்டுப் போயிருக்கிறார், அடுத்த படகில் வருகிறது. இதற்குத்தான் ஐந்து வருடம் படித்தேன்.

தோரிஸ் எழுதும் லட்சணம் வேறு. இன்று ஒன்று: "சான் லீனோ முகாம் கங்காணி அவர்களுக்கு. எர்னானை முதல் படகில் அனுப்பி வைக்கவும். வீட்டில் தேடுகிறார்கள்." அவ்வளவுதான். எதற்குத் தேடுகிறார்கள்? எர்னானுக்கான சேதியைக் கங்காணிக்கு ஏன் சொல்ல வேண்டும்? கல்லூரியில் இப்படி எழுதியிருந்தால் பேராசிரியர் தாளை முகத்தில் விட்டெறிந்திருப்பார்.

ஜனவரி 12, வெள்ளி

தோன் எவெலியோவிடம் சொல்லிவிட்டேன். நிலையப் பொறுப்பாளர் அவர்தானே. யாருக்கு, என்ன, எப்போது, எங்கே — இந்த நான்கும் இல்லாத அறிவிப்பு அறிவிப்பே இல்லை என்றேன். அவர் ஒலிபரப்புக் கருவியின் விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நல்லாத்தான் சொல்றே, செய்யி செய்யி," என்றார். ஒரு வார்த்தையாவது காதில் விழுந்ததா என்று தெரியாது.

தோரிஸின் காதில் விழுந்துவிட்டது. "பட்டதாரி அம்மா வந்துட்டாங்கல்ல, இனிமே குரங்குகூட நம்ம ரேடியோவக் கேக்கும்," என்று என் கைப்பேசியை வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். ஒலிப்பதிவு அறைக்குள் கைப்பேசி கூடாது. நான் வெளியே வரும்வரை அது அவரிடம்தான் இருக்கும்; மணி அடித்தால் அவரே எடுத்துப் பேசுவார். போன வாரம் என் அம்மாவோடு அரை மணி நேரம் பேசியிருக்கிறார்.

"உங்க ஊர்ல எப்பவும் குளிராமே? மனுசன் இருப்பானா அங்க? என்னைக் கட்டித் தூக்கிட்டுப் போனாலும் மலைக்கு நான் வரமாட்டேன்" — இது தினமும். என் பெயரே மலைக்காரி. ஹிமெனா என்று ஒருநாள் கூப்பிடட்டும், கேக் வாங்கித் தருகிறேன்.

ஜனவரி 14, ஞாயிறு

அப்பாவுடன் பேசினேன். தன்னோடு வேன் ஓட்டுகிற எல்லா ஓட்டுநர்களிடமும் மகள் வானொலியில் பேசுகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறார். அங்கே எங்கள் நிலையம் எடுக்காதே அப்பா என்றால், "கேக்கலைன்னா என்ன, நீ பேசுறது பொய்யாகிடுமா?" என்கிறார். திரும்பி வந்துவிடட்டுமா என்று கேட்டேன். "ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கோ. அப்புறமும் புடிக்கலைன்னா நானே வந்து கூட்டிட்டுப் போறேன்." சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

ஜனவரி 18, வியாழன்

தோரிஸ் பல் பிடுங்கிக்கொள்ளப் போய்விட்டார். ஜன்னலும் நான்தான், மைக்கும் நான்தான்.

பத்து மணிக்கு ஒரு பெண் வந்தார். நெல்வி அமுதாரி. மழையில் தொப்பலாக நனைந்திருந்தார். விடியற்காலையில் அவர் அம்மா இறந்துவிட்டார். தம்பி எர்லான் காட்டில், அன்றைய எர்னான் இருந்த அதே சான் லீனோ முகாமில். "அவனுக்குச் சொல்லணும்," என்றார். அம்மாவின் பெயர், தம்பியின் பெயர், எல்லாம் கேட்டு எழுதினேன். எப்படிப் படிக்கட்டும் என்று கேட்டதற்கு, "எப்படிச் சொல்லணும்னு ஒங்களுக்குத் தெரியாததா," என்று சொல்லிவிட்டு மழையிலேயே போய்விட்டார்.

மாலை ஆறு மணிக்குப் படித்தேன். "சான் லீனோ முகாமில் இருக்கும் எர்லான் அமுதாரிக்கு: உங்கள் தாயார் ப்ரிமித்திவா இன்று அதிகாலை காலமானார். நாளை மாலை அடக்கம்." நிதானமாக, தெளிவாக, இரண்டு முறை. யாருக்கு, என்ன, எப்போது — எல்லாம் இருந்தது. இங்கே வந்ததிலிருந்து இன்றுதான் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 19, வெள்ளி

இதை எழுதவே பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுத வேண்டும்.

தோரிஸ் ஒரு பக்கக் கன்னம் வீங்கிப்போய் வந்தார். வாயைத் திறக்க முடியவில்லை, அப்படியும் திறந்தார். "அவனுக்கேவா சொன்னே? பேரைச் சொல்லியா? ரெண்டு தடவையா?" நான் ஆமாம் என்றேன். இன்னும் பெருமையோடுதான் சொன்னேன், பாவி நான்.

"கங்காணிக்குத்தான்டி சொல்லணும்! அந்தாளு பையனத் தனியாக் கூப்பிட்டு உக்கார வெப்பான். ஒரு காபி குடுப்பான். ஊர்ல தேடுறாங்களாம், வா போலாம்பான். ரெண்டு பேரு கூட ஏறுவாங்க படகுல. வர்ற வழியில அவனே கொஞ்சம் கொஞ்சமாப் புரிஞ்சுக்குவான், அழுவான், புடிச்சுக்க ஆளிருக்கும். நீ என்னன்னா நடுக்காட்டுல அவன் தலையில கொண்டுபோய்ப் போட்டுட்டியே!"

எனக்கு யாரும் சொல்லவில்லை என்றேன். "இத யாராவது சொல்லுவாங்களாடி?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். பல் வலியா, வேறா தெரியவில்லை.

உண்மைதான். அப்பா சாப்பிட்ட தட்டைத் தாண்டாதே என்று எங்கள் வீட்டிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அது தெரியும், அவ்வளவுதான். இவர்களுக்கு இது தெரியும். எனக்குத் தெரியாது.

ஜனவரி 20, சனி

படகுக்காரர் சேதி கொண்டுவந்தார். வியாழன் மாலையே எர்லான் கிளம்பிவிட்டானாம். முகாமில் படகு இல்லை. கங்காணி மறு கரையில் இருந்திருக்கிறார். மற்றவர்கள் பிடித்து நிறுத்துவதற்குள் இருட்டில் காட்டுப் பாதையில் ஓடிவிட்டான். மழையில் அந்தப் பாதையே இப்போது இல்லையாம், எல்லாம் தண்ணீர்.

அம்மாவை நேற்றே அடக்கம் செய்துவிட்டார்கள். இந்தப் புழுக்கத்தில் யாருக்காகவும் காத்திருக்க முடியாது.

ஜனவரி 21, ஞாயிறு

வரவில்லை.

ஜனவரி 24, புதன்

காலையும் மாலையும் படிக்கிறேன். "எர்லான் அமுதாரியைப் பார்த்தவர்கள் அவரை அங்கேயே நிறுத்தி வைக்கவும். எர்லான், இதைக் கேட்டால், ஆற்றங்கரைக்கு வந்து இருங்கள், படகு வரும்." யாரிடம் சொல்கிறேன்? மைக்குக்குக் காது கிடையாது. ஓடிக்கொண்டிருக்கிறவன் கையில் வானொலியா இருக்கும்? இருந்தும் படிக்கிறேன். வேறு என்ன செய்ய? நீந்தத் தெரியாது, துடுப்புப் பிடிக்கத் தெரியாது, காட்டில் கிழக்கு எது மேற்கு எது தெரியாது. தெளிவாக உச்சரிக்கத் தெரியும்!

நெல்வி தினமும் வந்து ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்காருகிறார். திட்டினால் தேவலை. இன்று மசாக்கோ கொண்டுவந்து எனக்கும் ஒரு உருண்டை தந்தார். வாழைக்காயும் உப்புக்கண்டமும் இடித்துப் பிடித்தது; அதைத் தோரிஸின் மேசையில் வைத்துவிட்டு மைக்குக்குப் போனேன்.

கல்லூரித் தோழிகள் குழுவில் படங்கள். யாரோ முதல் வேலைக்கு வாங்கிய செருப்பு. நானும் ஒரு இதயம் அனுப்பி வைத்தேன்.

ஜனவரி 26, வெள்ளி

போய்விடுகிறேன் என்று தோன் எவெலியோவிடம் சொன்னேன். "போ. வேண்டாங்கல," என்றார். "அன்னைக்கு நீ கேட்டப்ப நானும் தலைய ஆட்டினவன்தான். ஆனா அவன் வர்றவரைக்கும் ஆறு மணிக்கு அந்தச் சேதிய நீதான் படிக்கணும். நான் படிச்சா நல்லாருக்காது."

ஜனவரி 28, ஞாயிறு

அப்பா கூப்பிட்டார். வேலை எப்படி என்றார். நல்லா இருக்கு என்றேன். இருமலுக்கு மருத்துவரைப் பார்த்தீர்களா என்றேன். அவரும் நல்லா இருக்கேன் என்றார்.

பிப்ரவரி 3, சனி

இருக்கிறான்! உயிரோடு இருக்கிறான்!

ஆற்றின் கீழ்ப்பக்கம் இருக்கும் வேறொரு முகாமின் கொட்டைப் படகில் கொண்டுவந்து இறக்கினார்கள். மலேரியா. பாதம் இரண்டும் புண். ஒரு கைவிடப்பட்ட குடிசையில் கிடந்திருக்கிறான், வேட்டைக்குப் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். நான் படித்ததைக் கேட்டுத் தேடினார்களா என்று விசாரித்தேன். இல்லையாம். அந்த முகாமில் பேட்டரி தீர்ந்து போய்ப் பத்து நாளாகிறதாம்.

தோரிஸ் என் முதுகில் ஓர் அறை வைத்தார். "அழுவாதடி மலைக்காரி, மைக் நனைஞ்சுரும்."

பிப்ரவரி 9, வெள்ளி

எர்லான் நிலையத்துக்கு வந்தான். என் வயதுதான் இருக்கும். நெல்வி தோளைக் கொடுத்துக் கூட்டிவந்தார். வரும்போதே எழுந்து நின்றுவிட்டேன். மன்னித்துவிடுங்கள் என்று ஏதோ முனகினேன்.

"நீங்கதானா அந்தக் குரலு?" என்றான். பெஞ்சில் உட்கார்ந்து கால்கட்டைச் சரிசெய்துகொண்டான். "அன்னைக்கு ரேடியோ சத்தத்த நாந்தான் கூட்டி வெச்சேன். பேரு வந்துச்சில்ல. மறுநாள் என் பொறந்தநாளு. அம்மா எனக்குப் பாட்டுப் போடச் சொல்லிருக்கும்னு நெனச்சேன். எல்லாரையும் சும்மா இருங்கடான்னு அதட்டிட்டு..."

திட்டவில்லை. போகும்போது தோரிஸிடம் குடிக்கத் தண்ணீர் வாங்கிக் குடித்தான்.

இதை எழுதிவிட்டால் மனசு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

கார்னிவல் திருவிழா. தெரு முழுக்கச் சேறும் சாயமும் தண்ணீரும். சேதிகள் குறைவு. அதில் ஒன்று ஒரு கங்காணிக்கு: முதல் படகில் அனுப்பி வைக்கவும். யார் போய்விட்டார்கள் என்று தோரிஸிடம் கேட்டேன், சொன்னார். படித்தேன். நான் ஊருக்குப் போகும் பேச்சைத் தோன் எவெலியோவும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

மாலைச் சேதிகளைப் படித்துவிட்டு வெளியே வந்தேன். தோரிஸின் மேசையருகே தோன் எவெலியோ நின்றிருந்தார். ஒருநாளும் இந்நேரம் வரை இருக்கிறவர் இல்லை.

"உக்காரும்மா," என்றார். உட்கார்ந்தேன். கையில் ஒரு காபியைக் கொடுத்தார். நிறையச் சர்க்கரை போட்டிருந்தது.

"ஒங்க வீட்லேர்ந்து போன் பண்ணாங்க. ஊர்ல ஒன்னத் தேடுறாங்களாம். காலைல விமானம், சீட்டு சொல்லியாச்சு."

என்ன ஆச்சு என்று வாய் வரைக்கும் வந்தது. தோரிஸைப் பார்த்தேன். இழுப்பறைச் சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார். மடியில் ஓர் ஆண்பிள்ளைக் கம்பளிச் சட்டை. இந்த வேக்காட்டில் யாரிடம் இரவல் வாங்கினாரோ.

"ரெண்டு சீட்டு," என்றார். "நானும் வர்றேன், ஹிமெனா."

நான் எதையும் கேட்கவில்லை. காபியைக் கடைசி வரை குடித்தேன்.

இப்போது தோரிஸ் என் அறையில் என் கட்டிலில் உட்கார்ந்து என் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கிறார். என் கறுப்புப் பாவாடையை எடுத்து, நான் பார்க்கிறேனா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் வைக்கிறார். நான் பார்க்காதது போல எழுதிக்கொண்டிருக்கிறேன்.